பானை உடைக்கிற பூ

மலாக்காவில், காஜா பேராங்கில் அமிர்தத்தின் வீட்டைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்க வேண்டாம். பெரிய சடக்கு ரோட்டிலிருந்து கம்போங் குடியிருப்புக்குள் இறங்கினால், எந்த வீட்டைச் சுற்றிச் சிவப்பு வேலி நிற்கிறதோ அதுதான். மற்றவர்கள் பலகை அடித்தார்கள், மூங்கில் கட்டினார்கள், மழையில் உளுத்துப்போனதும் மறுபடி கட்டினார்கள். அமிர்தத்தின் அப்பா கந்தப்பா பிள்ளை சுத்தச் சோம்பேறி. கோர்ட்டில் பியூன் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாய்வு நாற்காலியில் விழுந்துவிடுவார். ஒரு மழைக்காலத்தில் ஆற்றோரத்துப் புதரிலிருந்து கொஞ்சம் கொம்புகளை ஒடித்து வந்து நட்டார். அது தானாகக் கிளைத்து ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அப்புறம் மனுஷன் வேலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ. வருஷம் முழுக்கப் பூக்கும். மழை பெய்து வெயில் அடித்தால் கேட்கவே வேண்டாம், இலை தெரியாது. விடிந்தால் தேன்சிட்டுகள் வந்துவிடும். வளைந்த மூக்கைப் பூவுக்குள் விட்டுக்கொண்டு, ஒரு கொம்பில் நில்லாமல் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு, என்னவோ அவைதான் வரி கட்டுகிற மாதிரி. வெயில் ஏறினால் வண்ணத்துப்பூச்சி, கறுப்பு வண்டு. பூ உதிர்ந்து காய் கறுத்துப் பழுத்தால் கொண்டைக்குருவிகள் வந்து சண்டை போடும். போதாததற்கு இலைகளை ஒட்டிக் கூடு கட்டின முசுறு எறும்பு. அதற்குப் பயந்து ஆடுகூட அந்தப் பக்கம் வாய் வைக்காது. பலகை வேலிக்கு ஏது இந்த வசதி?

அந்தச் செடிக்கு அந்த ஊரில் பேர் பெச்சா பெரியோக். அந்தப் பேர்தான் அமிர்தத்தின் குடியைக் கெடுத்தது. பேரைச் சொன்னேனே தவிர, செடி ஒரு பாவமும் அறியாது. கெடுத்தவன் வேறே. அவனுக்கு வருகிறேன்.

அமிர்தத்தின் ஆட்கள் மலாக்காச் செட்டிகள். வட்டிக்கடைச் செட்டியார் என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு சாதி, வேறு கதை. இவர்கள் வெள்ளைக்காரன் இந்தப் பக்கம் கப்பல் விடுவதற்கு முன்னாலேயே தமிழ்க் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இந்த மண்ணிலேயே பெண் கட்டி, இங்கேயே தங்கிப்போனவர்கள். கும்பிடுவது மாரியம்மனை, நெற்றியில் திருநீறு, பேர் அமிர்தம், கந்தப்பா. உடுத்துவதோ கெபாயாவும் சாரோங்கும். வாயைத் திறந்தால் மலாய். தமிழ் என்று அவர்களிடம் மிச்சம் இருந்தது சாமி பேரும் சில சடங்குப் பேரும்தான். அதில் அவர்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. குறை கண்டவர்கள் அப்புறம் கப்பலேறி வந்தவர்கள்.

அமிர்தத்துக்குத் தாய் இல்லை. வீட்டு வேலையெல்லாம் அவள்தான். காலையில் வேலியோரம் நின்று பூப்பறித்து, கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுப்பாள். நல்ல வாய்க்காரி, மலாயில் அவள் பேச ஆரம்பித்தால் மீன்காரன் விலையைக் குறைத்துவிட்டுத்தான் கூடையைத் தூக்குவான்.

அப்படிப் பூப்பறித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் வைத்திலிங்கம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். ரயில் ஸ்டேஷனில் டிக்கெட் கிராணி, அதாவது குமாஸ்தா. ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள். தகப்பன் இல்லாமல் சிரம்பானில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, வேலை கிடைத்து மலாக்காவுக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருந்தான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, எண்ணெய் வைத்து வழித்த கிராப்பு. தேன்சிட்டைப் பார்க்கிறேன் பேர்வழி என்று வேலியில் கையை ஊன்றினான். முசுறு சும்மா விடுமா? "ஐயோ!" என்று குதித்துக் கையை உதறினான். அமிர்தம் சிரித்தாள். பூக்கூடை கவிழ்கிற அளவுக்குச் சிரித்தாள்.

அவனுக்கு மலாய் நன்றாக வரும். டிக்கெட் கொடுக்கிறவனுக்கு வராமல் முடியுமா? கடிபட்ட கையைத் தேய்த்துக்கொண்டே, "இது என்ன பூ?" என்று மலாயில் கேட்டான். எங்கள் ஊரில் வேலி என்றால் கருவேல முள்தான், இந்த மாதிரிப் பூ வேலியை நான் பார்த்ததே இல்லை என்றான்.

"பெச்சா பெரியோக்" என்றாள் அவள்.

"உடைந்த பானையா? பூவுக்குப் போய் யாராவது அப்படிப் பேர் வைப்பார்களா?" என்று கேட்டுவிட்டு அவனும் சிரித்தான். அவள் ஒரு பூவைக் கிள்ளி, அதன் அடியிலிருந்து மெல்லிய நாரை உருவி, நுனியில் நின்ற தேன்துளியைக் காட்டினாள். அவன் நாக்கில் வைத்துப் பார்த்தான். அவ்வளவுதான் ஆரம்பம். மறுநாளிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகிற வழி அவனுக்கு வேலியோரமாகத்தான் போயிற்று. தூரத்தில் வரும்போதே "ஏய், பெச்சா பெரியோக்!" என்று குரல் கொடுப்பான். பூவைக் கூப்பிடவில்லை. அவளைத்தான் கூப்பிட்டான். அவள் பேர் அமிர்தம் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் இப்படிக் கூப்பிட்டால் அவள் முகம் சிவப்பதைப் பார்க்க அவனுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்?

மழைக்காலம் முடிவதற்குள் அவன் கேட்டுவிட்டான். மாமாவையும் மாமியையும் பெண் பார்க்க அழைத்து வரட்டுமா என்றான். கூடவே ஒன்று சொன்னான். "நாம வேலியிலே நின்னு பேசினது மாமாவுக்குத் தெரியக்கூடாது. கோயில்லே பார்த்தேன்னு சொல்லியிருக்கேன். நீயும் என்னைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காதே. மாமா ரொம்பக் கட்டுப்பெட்டி." சரி என்றாள். அவன் மலையேறு என்றால்கூட அன்றைக்குச் சரி என்றிருப்பாள்.

கந்தப்பா பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. இந்தியாவிலிருந்து வந்த மாப்பிள்ளை, கவர்மெண்டு உத்தியோகம், ரயில்வே! கோர்ட்டில் யாரைப் பார்த்தாலும் இதே பேச்சு. அமிர்தத்துக்கோ வேறு கவலை. மாமாவும் மாமியும் தமிழ் பேசுவார்கள். அவளுக்குத் தமிழில் 'சாமி', 'பொங்கல்' இரண்டும் தெரியும். வேறு எதுவும் தெரியாது.

அதற்காக அவள் பிடித்தது பாத்துமுத்துவை. சடக்கோரத்தில் சாமான் கடை வைத்திருந்த காதர் முகைதீனின் மனைவி. வீட்டில் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பம். பாத்துமுத்து பிறந்து வளர்ந்தது எல்லாம் மலாக்காவில்தான், தமிழ்நாட்டை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. நல்ல மனசுக்காரி. "ராத்தா, எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுங்க" என்று அக்கா முறை வைத்து மலாயில் இவள் போய்க் கேட்டதும், கடைக்குப் பின்னால் மிளகாய் காய வைத்திருந்த முற்றத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். வாங்க. உக்காருங்க. கோப்பி குடிங்க. எம் பேரு அமிர்தம். எனக்குச் சமைக்கத் தெரியும். அமிர்தம் அதையெல்லாம் பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்ப்பாள், தண்ணீர் இறைக்கும்போது சொல்லிப் பார்ப்பாள்.

"ராத்தா, வீட்டுக்கு யார் வந்தாலும் முதல்லே கேக்கிறது எங்க வேலியைத்தான். அந்தப் பூவுக்குத் தமிழ்லே என்ன?"

பாத்துமுத்து மிளகாயைத் துழாவிக்கொண்டே யோசித்தாள். அவள் வீட்டிலும் அதைப் பெச்சா பெரியோக் என்றுதான் சொல்வார்கள். "பெரியோக்னா பானை. பெச்சான்னா உடையிறது. அப்ப, பானை உடைக்கிற பூ. வேறே எப்படி இருக்கும்?"

"பானை உடைக்கிற பூ" என்று அமிர்தம் சொல்லிப் பார்த்தாள். நாக்குக்கு நன்றாக இருந்தது.

தமிழ்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பானை உடைப்பது எந்த வீட்டில் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அவர்கள் இருவரையும் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாத்துமுத்துவின் ஆட்கள் சாவில் பானை உடைப்பதில்லை. அமிர்தத்தின் ஆட்கள் குடம் உடைப்பார்கள்தான். ஆனால் அங்கே பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை, குடத்தைப் பெரியோக் என்று சொல்வதும் இல்லை. பெரியோக் சோறு வடிக்கிறது, அவ்வளவுதான். தவிர, பழகின பேருக்கு அர்த்தம் யார் பார்க்கிறார்கள்? பிச்சை என்று பேர் வைத்தவனைப் பார்த்தால் திருவோடா ஞாபகம் வருகிறது?

பெண் பார்க்க வந்தார்கள். மாமா ஏகாம்பரம், தோளில் ஜரிகை அங்கவஸ்திரம், கையில் வெள்ளிப்பூண் தடி. மாமி கோமதி வாசற்படியில் காலை வைக்கும்போதே மூக்கைச் சுளித்தாள். பக்கத்து வீட்டில் யாரோ பெலாச்சான் என்கிற இறால் விழுதைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் வைத்திலிங்கம், தரையைப் பார்த்துக்கொண்டு. அமிர்தம் கோயில் குருக்கள் வீட்டிலிருந்து இரவல் வாங்கின புடவையைக் கட்டியிருந்தாள். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தடவை. எங்கே அவிழ்ந்துவிடுமோ என்று இடது கையால் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையில் வெற்றிலைத் தட்டு. தட்டு நிறையச் சிவப்புப் பூவை அவளே அடுக்கி வைத்திருந்தாள்.

"வாங்க. உக்காருங்க" என்றாள். சரியாகச் சொல்லிவிட்டாள். கந்தப்பா பிள்ளைக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் பெருமையில் மீசை துடித்தது. மகள் தமிழ் பேசுகிறாள்!

"தமிழ் தெரியுமா உனக்கு?" என்று மாமி கேட்டாள்.

"கொஞ்சம் தெரியும்."

"பரவாயில்லையே." மாமியின் முகம்கூட லேசாகத் தெளிந்தது. தட்டிலிருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாளோ, பெண்ணைச் சோதிக்கக் கேட்டாளோ, யார் கண்டது? "வர்ற வழியெல்லாம் இதுதான் பூத்துக் கிடக்கு. இதுக்கு உங்க பக்கம் என்ன பேரு?"

அமிர்தத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். ஓரக்கண்ணால் வைத்திலிங்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கணீரென்று சொன்னாள். "இது பானை உடைக்கிற பூ. எங்க வீட்டைச் சுத்தி இதுதான்." அதோடு நிறுத்தியிருக்கலாம். வந்தவர்களைக் குளிர வைக்க வேண்டும் என்கிற ஆசையில், பாடத்தில் இல்லாததையும் தானே கோத்துச் சொன்னாள். "உங்க வீட்டுக்கும் ஒண்ணு வெட்டித் தரேன். நல்லா வரும்."

மாமியின் கை தட்டிலிருந்து தெறித்து விலகியது. ஏகாம்பரத்தின் முகம் செத்துப்போயிற்று. அவர் தன் தகப்பனுக்குக் கொள்ளிக்குடம் உடைத்து இப்போதுதான் வருஷம் திரும்பியிருந்தது.

"கேட்டீங்களா! பொண்ணு பாக்க வந்த எடத்துல நம்ம வீட்டுக்குப் பானை உடைக்க வழி சொல்றா!" மாமி எழுந்துவிட்டாள். "எந்திரிங்க. இனி ஒரு நிமிஷம் இங்க இருக்கக்கூடாது. இட்லிப்பூவைப் போயி... தூ!"

இட்லிப்பூ! ஆமாம், அதுதான் தமிழில் அதன் பேர். அந்த ஒரு சொல்லை யாராவது அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் அன்றைக்குத் தாம்பூலம் மாற்றியிருப்பார்கள். ஒரு பொம்பளையின் வாழ்க்கை இட்லியில் போய் நின்றிருக்கிறது, சிரிப்பதா அழுவதா சொல்லுங்கள்.

அமிர்தத்துக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. வைத்திலிங்கத்தைப் பார்த்தாள். அவன் ஒருவனுக்குத்தான் இரண்டு பாஷையும் நன்றாகத் தெரியும். வந்தவர்களில் அவன் ஒருவனுக்குத்தான் பூவின் பேரும் தெரியும், அவள் சொன்னது அபசகுனம் இல்லை என்பதும் தெரியும். 'மாமா, அது வெறும் பூவோட பேரு, இந்த ஊர்லே எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.' இவ்வளவுதான் அவன் சொல்ல வேண்டியது. சொன்னால் 'உனக்கெப்படித் தெரியும்' என்று மாமா கேட்பார். கேட்டால் கேட்கட்டுமே! ஆம்பிளைதானே? அவன் கோப்பிக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். மாமா தடியைத் தட்டியதும் எழுந்து பின்னால் போனான்.

கந்தப்பா பிள்ளை சடக்கு வரைக்கும் ஓடினார். "என்ன தப்பு? என்ன தப்பு நடந்தது?" என்று மலாயில் கெஞ்சினார். "உன் மகளைக் கேள்" என்று ஏகாம்பரம் அரைகுறை மலாயில் பதில் சொல்லிவிட்டு வண்டி ஏறினார். கந்தப்பா பிள்ளை திரும்பி வந்து மகளைக் கேட்டார். மகள் என்னத்தைச் சொல்வாள்? "பூவோட பேரைக் கேட்டாங்க, சொன்னேன்" என்றாள். அப்பனும் மகளும் அன்றைக்கு முழுக்க உட்கார்ந்து, எதில் தப்பு வந்தது என்று தேடினார்கள். கோப்பியில் சர்க்கரை குறைந்ததா? புடவை சரியாகக் கட்டவில்லையா?

மறுநாள் பாத்துமுத்து, ரயில்வே ஆட்களுக்குத் துணி வெளுக்கிற வண்ணாத்தி கடைக்கு வந்தபோது விசாரித்துத் தெரிந்துகொண்டு, தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "நான் பாவி! நான்தான் சொல்லிக் கொடுத்தேன்! என் நாக்குல தீய வைக்க!" என்று அழுதாள். விஷயத்தை அவள் மலாயில் விளக்க விளக்க, கந்தப்பா பிள்ளை எழுந்து போய்ப் பாராங் என்கிற வெட்டுக்கத்தியை எடுத்தார். வாழ்நாளில் வேலிக்கு ஒரு கை தண்ணீர் ஊற்றாத மனுஷன், அன்றைக்கு ஒற்றை ஆளாக நின்று வேலி முழுவதையும் அடியோடு வெட்டிச் சாய்த்தார். முசுறு கை காலெல்லாம் கடித்துத் தடித்துப்போயிற்று. அமிர்தம் தடுக்கவில்லை. தேன்சிட்டுகள் கொடிக்கம்பியில் உட்கார்ந்து கத்தின.

அவள் காத்திருந்தாள். வெட்டின வேலியின் பக்கத்தில் காலையில் போய் நிற்பாள். வைத்திலிங்கம் வரவில்லை, கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்துவிட்டான். ஒரு தடவை தூரத்தில் பார்த்துவிட்டாள். அவன் சட்டென்று திரும்பிக்கொண்டான். என் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் திரும்புகிறான், அவ்வளவு வேதனை, என்று நினைத்தாள். ஆசைப்பட்ட மனசுக்குச் சமாதானம் சொல்லவா தெரியாது?

நாளாகவில்லை, செய்தி வந்தது. ஏகாம்பரத்துக்கு ஒரு மகள் இருந்தாளாம். வைத்திலிங்கத்துக்கு முறைப்பெண். சிரம்பானில் ஜாம் ஜாமென்று கல்யாணமாம். சாக்குத் தேடிக்கொண்டிருந்த மாமன் வீட்டாருக்கு அமிர்தம் தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பாத்துமுத்து ஆத்திரப்பட்டாள். "பாத்தியா, அவனுக எல்லாம் முன்னாலேயே பேசி வச்சிருக்கானுக!" அமிர்தம் இல்லையென்று தலையை ஆட்டினாள். "மாமா பேசி வச்சிருப்பார், ராத்தா. அவர் இல்லை. அவர் மாமா சோத்தைத் தின்னு வளர்ந்தவர், மீற முடியலை. ஆனா அவருக்குத் தெரியும். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலைன்னு அவருக்குத் தெரியும்."

இந்த ஒன்றைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் இருந்த தமிழர்களுக்குள் அவள் பேர் 'பானை உடைச்சவ' என்று ஆகிவிட்டது. காஜா பேராங் என்றால் மலாயில் கோபம் வந்த யானை என்று அர்த்தம் வரும். அதை வைத்து, "யானைக்கும் பானைக்கும் சரியாப் போச்சு" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். சொந்த ஜனம் இன்னொரு பக்கம். "நாம் காலங்காலமாகச் சொல்கிற பேரில் என்ன கேடு? உனக்கு எதற்கு அவர்கள் பாஷை?" என்று அவள் ஆட்கள் கேட்டார்கள். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அத்தனை பேச்சுக்கும் நடுவில் அவள் தலை நிமிர்ந்து நடந்தது ஒரே காரணத்தால்தான். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு உண்மை தெரியும். எங்கேயோ ஒரு ஸ்டேஷனில் உட்கார்ந்து அதை நினைத்து அவன் வெந்துகொண்டிருப்பான்.

வேலி மறுபடி துளிர்த்தது. வெட்டினதால் முன்னைவிட அடர்த்தியாகவே வந்தது. கந்தப்பா பிள்ளை மறுபடி பாராங்கைத் தூக்கவில்லை. அவருக்கு அந்த ஒரு நாள் கோபம்தான் கைவசம் இருந்தது. குருவிகளும் வந்தன. அமிர்தமும் மறுபடி பூப்பறித்துக் கோயிலுக்குக் கட்டினாள்.

அப்புறம் ஒரு நல்லவன் கேட்டான். பிச்சை என்று பேர், அவர்கள் ஜனத்திலேயே தச்சு வேலை செய்கிறவன். அலமாரி செய்து முடித்தால் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, சத்தம் வராத வரைக்கும் விடமாட்டான். அதிகம் பேச மாட்டான். கந்தப்பா பிள்ளையின் சாய்வு நாற்காலிக்குக் கால் உடைந்தபோது வந்து சரிபண்ணிக் கொடுத்துவிட்டு, போகும்போது வேலியோரம் நின்று, "அவர்கள் பேச்சை விடு. நமக்கு நம் பேச்சு போதாதா? என் வீட்டுக்கு வருகிறாயா?" என்று மலாயில் கேட்டான். கேட்கும்போது அவன் காது சிவந்திருந்தது.

அமிர்தம் முடியாது என்றாள். ஏன் என்று கேட்டான். அவள் பூக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தான். வருகிற போகிற வழியில் ஒரு வார்த்தை வருமா என்று முகத்தைப் பார்த்தான். அங்கே ஒருத்தன் எனக்காக வெந்துகொண்டிருக்கும்போது நான் மட்டும் இங்கே எப்படிக் குளிர்ந்து உட்காருவது என்று அவள் மனசுக்குள் கணக்கு. பைத்தியக்காரி! அவளை இந்த இடத்தில் எனக்கு இரண்டு அறை விடலாம் போலிருக்கிறது. பிச்சை கடைசியில் பெங்காலான் ராமாவில் பெண் கட்டினான். பிள்ளைகள் பிறந்தன. அமிர்தத்தைத் தெருவில் கண்டால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவான்.

அப்பா செத்தார். அமிர்தம் தனி ஆளாகிவிட்டாள். பூ, காலையில் விற்கிற தேங்காய்க் கூவேப் பலகாரம், யாராவது கேட்டால் கெபாயாவுக்கு ஓரம் தைத்துக் கொடுப்பது, இதில் பிழைப்பு ஓடியது. ஒன்று மட்டும் விடாமல் செய்தாள்: தமிழ் கற்றுக்கொண்டாள். வீம்புதான், வேறென்ன? பாத்துமுத்துவிடம், வண்ணாத்தியிடம், கோயிலுக்கு வருகிறவர்களிடம் என்று பேசிப் பேசி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கப்பலில் வந்தவள் என்றுதான் சொல்வார்கள். இட்லிப்பூ என்றும் அறிந்துகொண்டாள், விருச்சி என்றும் அறிந்துகொண்டாள். அறிந்து என்ன? கல்யாண வயசு போன பிறகு தெரிந்த பேர்.

ஜப்பான்காரன் சீனாவில் சண்டை போடுகிறான் என்று கடைகளில் பேசிக்கொண்டிருந்த காலம். மாரியம்மன் திருவிழா. வெளியூரிலிருந்தெல்லாம் ஜனம் வந்திருந்தது. சாயங்காலம் அமிர்தம் முக்காடு போட்டுக்கொண்டு காதர் முகைதீன் கடைக்கு அரிசி வாங்கப் போனாள். கடையில் நல்ல கூட்டம். நடுவில் ஸ்டூலைப் போட்டு ஒரு பெரியமனுஷன் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். தொந்தி, தங்கச் சங்கிலி, வழுக்கை. வடக்குப் பக்கம் எங்கேயோ ஸ்டேஷன் மாஸ்டராம். குரலைக் கேட்டதும் அமிர்தம் ஆளை அடையாளம் கண்டுகொண்டாள்.

தேருக்குக் கட்டின சிவப்புப் பூவைப் பற்றி யாரோ ஏதோ சொன்னார்கள். வைத்திலிங்கம் தொடையைத் தட்டினார். "அந்தப் பூவா? அடடா, அதுல எனக்கு ஒரு கதை இருக்கு, கேளுங்க!" என்று ஆரம்பித்தார். பல இடத்தில் சொல்லிப் பழகின கதை என்பது கேட்டாலே தெரிந்தது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் முகத்தைக் கோணிக்காட்ட வேண்டும் என்று அவருக்கு அத்துபடி. "பொண்ணு வருது, சேலை ஒரு பக்கம் இழுக்குது. மாமி பூவோட பேரக் கேக்குறாங்க. 'இது பானை உடைக்கிற பூ! உங்க வீட்டுக்கும் ஒண்ணு வெட்டித் தரேன்!'" அவளுடைய அன்றைய திக்கல் தமிழை அப்படியே பேசிக் காட்டினார். கடை கொல்லென்று சிரித்தது. "மாமா மூஞ்சியப் பாக்கணுமே! எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. பூவுக்கு இப்படி ஒரு பேரான்னு அன்னைக்குத்தான்யா முதல்முதலாக் கேக்குறேன்!"

சிரிப்பு அடங்குகிற வரைக்கும் அமிர்தம் நின்றாள். அப்புறம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தமிழில் கேட்டாள். "அதுக்கு முன்னால அந்தப் பேரை நீங்க கேட்டதே இல்லையா ஐயா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அந்த முகத்தை விடாமல் பார்த்தாள். பொய் சொல்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று கோர்ட்டுப் பியூன் மகளுக்குத் தெரியும். கண் நகரும், தொண்டை ஏறி இறங்கும். ஒன்றும் இல்லை. வெற்றிலை மென்றுகொண்டு, தெளிவாக, "இல்லையேம்மா. எனக்கெப்படித் தெரியும்?" என்றார். பிறகு புருவத்தை உயர்த்தி, "செட்டிப் பொம்பளைன்னு நெனச்சேன். தமிழ் நல்லா வருதே உங்களுக்கு!" என்று பாராட்டினார்.

பொய் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பொய் சொல்கிறவனுக்கு உள்ளே உண்மை தெரிந்திருக்கும். இந்த மனுஷனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. வேலி, முசுறு, தேன்துளி, கூப்பிட்ட பேர், எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சிரிக்கிற பகுதியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறான். வெந்துகொண்டிருந்தானாம்! எவன் வெந்தான்?

உள்ளேயிருந்து பாத்துமுத்து ஓடி வந்தாள். பாதிக் கதை அவள் காதிலும் விழுந்திருந்தது. "அமிர்தம்!" என்று கூப்பிட்டாள். "அமிர்தம், உள்ள வா புள்ள." கடை முழுக்கக் கேட்டது. வைத்திலிங்கமும் கேட்டார். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்கிற மாதிரி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கல்லாவில் இருந்த காதர் முகைதீன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப தப்பிச்சது அந்தப் பொண்ணுதான் ஐயா" என்றாள் அமிர்தம்.

கடை மறுபடி சிரித்தது. "நல்லா சொன்னீங்கம்மா!" என்று வைத்திலிங்கமும் சிரித்தார். எல்லோரையும்விட அவர்தான் அதிகமாகச் சிரித்தார். அவள் அரிசிப் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு நடந்தாள். பாத்துமுத்து கூடவே வந்தாள். வேண்டாம் ராத்தா, கூட்டத்தைப் பாருங்க என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

போகிற வழியில் பிச்சையின் பட்டறை. விளக்கு எரிந்தது. திருவிழாவுக்கு வந்த மகளும் பேரனும் வாசலில் இருந்தார்கள். பிச்சை பேரனுக்கு ஒரு மரக்குதிரையை இழைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து, எப்போதும் போல், மரியாதையாக வழி விட்டான். அவள் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இரண்டு பாஷை கையில் இருந்தது அவளுக்கு. எதிலும் ஒன்றும் வரவில்லை.

"என்ன வேணும்?" என்று அவன் மலாயில் கேட்டான்.

"ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். அரிசியைக் களைந்தாள். ஒரு ஆளுக்குச் சமைக்கிற அரிசி, ஒரு கைப்பிடி. அதிலும் பாதி கைதவறித் தரையில் கொட்டியது. தப்பித்தவளுக்குக் கை எதற்குத் தவற வேண்டும்? அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்க ஆரம்பித்தாள். பாதியில் பொறுக்குவதை நிறுத்திவிட்டு, வாய்விட்டு, "பிச்சை, பிச்சை" என்று அழுதாள்.